ஒரே தூரம், இரண்டு நேரம்: ஏன்?

நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதே தூரம்தான். ஆனாலும் கிழக்கே லண்டனுக்குப் போகும் விமானம், மேற்கே திரும்பும் விமானத்தைவிடப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. பூமிதான் கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்து சேர வேண்டாமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது, அதில் பறக்கும் விமானமும் அப்படித்தான். சீராக ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கைக்கே திரும்புகிறது அல்லவா?

உண்மைக் காரணம் ஜெட் காற்றோட்டம். வெப்பமான தெற்குக் காற்றும் குளிர்ந்த வடக்குக் காற்றும் சந்திக்கும் இடத்தில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்றாறு அது. வடக்கு நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்புவது பூமியின் சுழற்சி. சுழற்சிக்கு உள்ள பங்கு இங்கேதான். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று இந்தக் காற்றின் தயவில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. சுற்றியிருந்த காற்றை வைத்து அளந்தால் ஒலியின் வேகத்துக்கும் குறைவே.

போகையில் கிடைத்த லாபம் வருகையில் கழிந்து, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. விமான வேகம் 900, காற்று 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 5 மணி 17 நிமிடம், வர 7 மணி 23 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து 12 மணி 19 நிமிடம்தான். எதிர்காற்றில் கழியும் நேரமே நீளமானது என்பதால், போய்வரும் பயணத்தில் காற்று 21 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது.