திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளியா? பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீங்க!

"டாக்டர், இவனுக்கு மாசம் பொறந்தா நெஞ்சுல சளி கட்டிக்குது. பாட்டில் பாட்டிலா மருந்து குடிச்சாச்சு!"

இப்படிப் புலம்பும் தாய்மார்களுக்கு முதலில் ஓர் ஆறுதல். சின்னக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை ஜலதோஷம் பிடிப்பது சகஜம். அதெல்லாம் நிமோனியா இல்லை.

நிமோனியா என்றால் மூச்சு வேகமாகும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

நிஜமான நிமோனியாவே ஒரு வருஷத்தில் இரண்டு தடவை, அல்லது இதுவரை மொத்தம் மூன்று தடவை வந்திருக்கிறதா? இனி ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. காரணத்தைத் தேட வேண்டும். அதற்குத்தான் பழைய எக்ஸ்ரே. ஒவ்வொரு தடவையும் நுரையீரலில் அதே இடமா, வேறு வேறு இடமா என்று அதில்தான் தெரியும்.

அதே இடம் என்றால் அங்கே போகும் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கலாம். முதல் சந்தேகம் வேர்க்கடலை! கடலை தின்னும்போது புரையேறும். தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று விட்டுவிடுவோம். இருமலும் நின்றுவிடும். கடலை மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கடலையும் புளியங்கொட்டையும் எக்ஸ்ரேயில் தெரியாது. பிராங்காஸ்கோப் விட்டுத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் புரையேறின கதையை நீங்களே சொல்லிவிடுங்கள். டி.பி.யால் வீங்கிய நெறிக்கட்டியும் குழாயை அமுக்கலாம். வீட்டில் தாத்தாவுக்கு நாள்பட்ட இருமல் இருந்தால் மறைக்காதீர்கள்.

இடம் மாறி மாறி வந்தால் விஷயம் வேறு. பல குழந்தைகளுக்கு அது ஆஸ்துமாதான். இன்ஹேலர் என்றாலே சில வீடுகளில் அலறுகிறார்கள், அவசியமில்லாத பயம். பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டி, எடையும் ஏறாவிட்டால் இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்க வைத்து பாட்டிலில் பால் கொடுப்பதாலும் பால் நுரையீரலுக்குள் போகும். அடிக்கடி காதில் சீழ், தோலில் கட்டி என்று கூடவே வந்தால் எதிர்ப்பு சக்திக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுக்க அரசு மையங்களில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

எக்ஸ்ரேயை இப்போது பல இடங்களில் செல்போனில்தான் அனுப்புகிறார்கள். அழித்துவிடாமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தேறின பிறகு எடுத்த படமும் அதில் இருக்கட்டும்.