காசநோயால் குடலில் ஓட்டை விழுந்தால்...

டி.பி. என்றாலே இருமலும் சளியும்தான் நம் நினைவுக்கு வரும். அது குடலையும் தாக்கும். பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண் உண்டாகும். தழும்பு இறுகிக் குடல் குறுகிப்போகும். குறுகலைத் தாண்ட முடியாமல் உணவும் காற்றும் தேங்க, அழுத்தம் கூடி, நலிந்த குடல்சுவர் ஓட்டையாகிவிடுகிறது. மார்பு எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் இது வரலாம், டி.பி. மருந்து சாப்பிடும்போதும் வரலாம்.

மாதக்கணக்கில் விட்டுவிட்டு வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை முன்னறிகுறிகள். பிறகு திடீரென்று தாங்க முடியாத வலி; வயிறு பலகை மாதிரி இறுகும். "கேஸ்தான், கஷாயம் குடிச்சா போயிடும்", "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. கழிவு வயிற்றுக்குள் பரவினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு ராத்திரி ரயில் பயணத்துக்கு அவகாசமே கிடையாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

மூன்று வழிகள்

1. ஓட்டையை மட்டும் தைப்பது. சுலபம்தான், ஆனால் புண்பட்ட சதையில் தையல் சரியாகப் பிடிக்காது, மறுபடி கசியலாம். குறுகலும் அப்படியே இருக்கும்.

2. ஓட்டையும் குறுகலும் உள்ள பகுதியை வெட்டியெடுத்து, நல்ல முனைகளை இணைத்துத் தைப்பது. உடல்நிலை தாங்குமானால் டாக்டர்கள் விரும்புவது இதையே.

3. தாமதமாகி, சீழ் பரவி, ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தால் இணைப்பு ஆறாது. அப்போது கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, குடல்முனையை வயிற்றின் மேல் திறந்து பை பொருத்துவார்கள். இதுதான் இலியாஸ்டமி.

மூன்றாவதுக்குக் கையெழுத்துப் போடத்தான் குடும்பங்கள் தயங்குகின்றன. "வயித்துல பையோட எப்படி வாழறது?" என்ற பயம் நியாயமே. ஆனால் பெரும்பாலும் இது தற்காலிக ஏற்பாடு. உடம்பு தேறியபின், சாதாரணமாக 2, 3 மாதங்களில், குடலை மறுபடி இணைத்துவிடுவார்கள். அதுவரை பை வழியாக நீரும் உப்பும் அதிகம் போகும் என்பதால், டாக்டர் சொல்கிறபடி ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிப்பது முக்கியம்.

ஆபரேஷனோடு முடியவில்லை

கத்தி ஓட்டையைத்தான் சரிசெய்யும். நோயைக் குணமாக்குவது மாத்திரை. வழக்கமாக 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. அரசுத் திட்டத்தில் இவை இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். நடுவில் ஊர் மாறினால் சொல்லுங்கள். நிக்‌ஷய் பதிவைப் புது ஊருக்கு மாற்றித் தருவார்கள். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.