பஞ்சம் கொண்டுவந்த டெலஸ்கோப்!

கொடைக்கானல் போகிற தேனிக்காரர்கள் ஏரியில் படகு விடுவார்கள், சோளம் கொறிப்பார்கள், ஸ்வெட்டர் விலை கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். (அடியேனும்தான்!) உச்சியிலிருக்கும் சூரிய ஆய்வகத்தை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

விஷயம் இருக்கு சார். 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம். மழை ஏன் பொய்த்தது என்று மண்டையை உடைத்துக்கொண்ட வெள்ளைக்காரர்களுக்கு சூரியன்மேல் சந்தேகம். சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷச் சுழற்சியில் கூடும், குறையும். அதற்கும் பருவமழைக்கும் முடிச்சு இருக்குமோ? அதைக் கவனிக்கத்தான் 1899-ல் ஆய்வகம் மலையேறியது. அப்போது பஸ் ரோடு ஏது? பெரியகுளம் பக்கமிருந்து நடைதான். துரைமாருக்கு மட்டும் டோலி!

கரும்புள்ளி நிஜத்தில் கறுப்பு இல்லை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்ஷியஸ். புள்ளி அதைவிட ஆயிரத்துச் சொச்சம் டிகிரி குறைவு. ட்யூப்லைட் பக்கத்தில் சிம்னி விளக்கு வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. உள்ளிருந்து வரும் வெப்பத்தைக் காந்தப்புலம் அமுக்கிவிடுகிறது.

1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட் ஒன்று கண்டுபிடித்தார். புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது! எப்படித் தெரிந்தது? கிட்டே வரும் பஸ்ஸின் ஹாரன் 'கீச்'சென்றும், தாண்டிப் போனதும் கட்டையாகவும் கேட்கிறதல்லவா? ஒளியும் அப்படித்தான். நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம்.

சரி, மழை? புள்ளியை எண்ணி மழை சொல்கிற வித்தை இன்றுவரை யாருக்கும் கைகூடவில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்கு இருபோகம் தந்தது, அதே பஞ்சம் விரட்டியதால் 1895-ல் எழுந்த பெரியாறு அணைதான்.