எந்த வழியில் வந்தது?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களில் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகி, பாடமும் ஏறாமல் போகுமானால், சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்றோ, வந்த மருமகளின் வயிற்றுக் குற்றம் என்றோ சொல்லி முடித்துவிடுவது வழக்கம்.

முதற்காரணத்தில் உண்மை உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக வருகிறது. ஒரு படி பழுதானாலும் மற்றது வேலையைச் செய்துவிடுவதால், பழுதைச் சுமப்பவருக்கே அது தெரிவதில்லை. ஒடுங்கு மரபு எனப்படும் இவ்வகையில், பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் பாதிப்பு வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்தது பாதிக்கப்பட்டுவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது தவறான கணக்கு. உறவு மணத்தில் பிறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர் என்றாலும், பிள்ளையின் மரபணுக்களில் ஒரே மூதாதையின் படி இரட்டித்திருக்கும் அளவு அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்காகவும், அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டும்போது எட்டில் ஒரு பங்காகவும் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பழி மட்டுமே. பரம்பரை அறிவுசார் குறைபாடுகளில் மிகப் பரவலானதாகக் கருதப்படும் ஃபிரஜைல் எக்ஸ், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, மூளை நரம்புகளின் இணைப்புக்கு வேண்டிய புரதத்தை நிறுத்திவிடுவதால் வருவது என்பது 1991இல்தான் தெரியவந்தது. அத்துணுக்கு 55 முதல் 200 தடவை வரை உள்ள ஆண் பெரும்பாலும் அறிவில் குறைவில்லாதவர். அவர் அதை மகள்கள் அனைவருக்கும் தருகிறார், மகனுக்குத் தருவதில்லை. மகளிடமிருந்து பேரனுக்குப் போகையில்தான் அது 200ஐத் தாண்டி நீளக்கூடும். மருமகளின் மேல் ஏற்றப்படும் குற்றம், ஊர் மெச்ச வாழ்ந்த அவளுடைய தகப்பனார் அறியாமல் கைமாற்றியதாக இருக்கலாம். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால், கணவர் சொந்தமா அந்நியமா என்பதும் அவனளவில் இங்கே பொருட்டல்ல.

மரபணு மாறாது என்பதால் பிள்ளை கற்காது என்றாகிவிடாது. ஒரு செயலைச் சிறு படிகளாக உடைத்து, கடைசிப் படியை முதலில் கற்பிப்பது சிறப்பாசிரியர்கள் கையாளும் முறைகளில் ஒன்று: கேழ்வரகுக் களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்ப்பது வரை தாய் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோவதை மட்டும் அதனிடம் விடுகிறாள், அது கைவந்தபின் தோய்ப்பது, பிறகு உருட்டுவது எனப் பின்னோக்கி நகர்வதால், முடித்துவிட்ட நிறைவு ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கே கிடைக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தாய் காட்டு வேலைக்குப் போக இயலாது. தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அந்தக் கூலியை ஈடுகட்டாது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளராக நீடிப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். உடன்பிறந்தோரின் கதை வேறு. ஒடுங்கு மரபில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் குறையில்லாத அக்காள் அதே பழுதைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருப்பதால், அவளுக்குத் தாய்மாமனையே பேசிவைத்திருக்கும் வீட்டில் மரபியல் ஆலோசனையும் இரத்தப் பரிசோதனையும் நடக்க வேண்டியது பூ வைப்பதற்கு முன்.