கடலில் விழுந்த வாத்துகள்

குளியல் தொட்டியில் மிதக்கவிடும் பொம்மை வாத்து, கடல் ஆய்வுக்கு உதவியிருக்கிறது தெரியுமா?

1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற சரக்குக் கப்பல் ஒன்று, வட பசிபிக்கில் புயலில் சிக்கியது. கடலில் விழுந்த கன்டெய்னர்களில் ஒன்றில் இருந்தவை சுமார் 28,800 பிளாஸ்டிக் பொம்மைகள். மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை, நீல ஆமை, சிவப்பு பீவர். அட்டைப்பெட்டிகள் நனைந்து பிரிய, எல்லாமே மிதக்கத் தொடங்கின.

அந்த ஆண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா கரையில் சில பொம்மைகள் ஒதுங்கின. கடலியலாளர் கர்டிஸ் எப்பஸ்மேயர் விடவில்லை. எந்த நாளில் எங்கே கரை சேர்ந்தன என்பதைக் கரையோர மக்களிடமே கேட்டுத் தொகுத்தார். வட பசிபிக்கின் வடபகுதியில் சுழலும் நீரோட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது இப்படித்தான் தெளிந்தது. மணலில் கிடந்த பொம்மையைக் கையில் எடுத்து, தேதி குறித்துச் சொன்ன சாதாரண மனிதர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கடலில் விழுவதெல்லாம் பொம்மையல்ல. 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. மீன்கள் அவற்றை இரையென்று விழுங்கிவிடும்.

கடற்கரையில் இப்படி எதையாவது கண்டால் தொடாதீர்கள். உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.