குப்பைமேட்டுக்கு மேல்புறம் ஒரு கிணறு

நிலத்தடி நீரில் மாதிரி எடுப்பது என் வேலை. குப்பைமேட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால், அம்பாங்கில் அக்கம்பக்கத்தார் நாற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். காற்று திசை மாறினால் நாற்றம் போய்விடும். குப்பைக்குள் இறங்கும் மழைநீர் அப்படிப் போவதில்லை. அழுகிய சோறு, பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா என எல்லாவற்றின் சாரத்தையும் கரைத்துக்கொண்டு, கோப்பி ஓ நிறத்தில் அடியில் ஊறுகிறது. அந்தக் கசிவுநீரில் அம்மோனியா, குளோரைடு, இரும்பு எல்லாம் இருக்கும். அடியில் தடுப்பு விரிப்பு இல்லாவிட்டால் நேராக மண்ணுக்குள் போய்விடும்.

அம்பாங் குன்றைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் உலு லங்காட். லங்காட் ஆறு அந்த மலைகளிலிருந்து வந்து காஜாங், டெங்கில் வழியாகக் கடலுக்குப் போகிறது. டெங்கில் பக்கத்தில் அம்பார் தெனாங் என்ற திறந்தவெளிக் குப்பைமேடு 2010 வரை இயங்கியது. அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் கெட்டுப்போயிருப்பதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிணறு தோண்டியும், மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தியும் கண்டறிந்தார்கள். உப்பு கலந்த கசிவுநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதனால் அது பரவியிருக்கும் இடம் அளவீட்டில் தனியாகத் தெரியும்.

சிலாங்கூரில் ஆற்று நீரைத்தான் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள், நிலத்தடி நீர் கெட்டால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மழையில்லாத நாள்களில் ஆற்றில் ஓடுவதே பெரும்பாலும் கரையோர நிலத்திலிருந்து சுரந்து வரும் தண்ணீர்தான்.

ஒரு கண்காணிப்புக் கிணறு என்பது தரையில் இறக்கிய பிளாஸ்டிக் குழாய். அடிப்பகுதியில் மெல்லிய கீறல்கள், மேலே பூட்டுப் போட்ட இரும்பு மூடி. மூடியைத் திறந்ததும் தண்ணீர் எடுத்துவிடக் கூடாது. முதலில் நீர்மட்ட மீட்டரின் நாடாவை இறக்குவேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று ஒலிக்கும். குழாய் விளிம்பின் உயரத்திலிருந்து அந்த ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் மட்டம் தெரிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். அதன்பிறகு, குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை, வழக்கமாக அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு, இறைத்துக் கொட்டுவேன். அமிலத்தன்மையும் மின்கடத்தும் திறனும் மாறாமல் நின்ற பிறகுதான் போத்தல் நிறையும். உலோகச் சோதனைக்கான போத்தலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு, எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்குவேன்.

என்னைக் கேட்டால், தண்ணீர் குப்பைமேட்டைக் கடந்து வரும் கீழ்ப்புறக் கிணறுகளைவிட, அதைத் தொடும் முன் இருக்கும் மேல்புறத்துக் கிணறே முக்கியம். காரணம் மண்ணிலேயே இருக்கிறது. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கில் வெள்ளீயம் தோண்டப் போனார்கள். அதன்பின் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளீயச் சுரங்கங்கள் பெருகின. இத்தகைய மண்ணில் இரும்பும் ஆர்சனிக்கும் இயல்பாகவே இருக்கலாம். குப்பையைத் தொடாத தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், கீழ்ப்புறத்தில் கிடைத்த அளவுக்குக் குப்பைமேட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

நிலத்தடி நீர் நகரும் வேகத்தைக் கணக்கிட, பிரான்சின் டிஜோன் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால், நடுத்தர மணலில் தண்ணீர் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகரும். 300 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக் கிணற்றுக்கு வர 30 ஆண்டுகள்! குளோரைடு எதிலும் ஒட்டாமல் முதலில் வந்துசேரும். அம்மோனியம் களிமண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கி வரும். ஆகவே குளோரைடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடினாலும் நான் கவலைப்படுவேன். சுண்ணாம்புப் பாறையில் இந்தக் கணக்கு உதவாது. ஜாலான் அம்பாங்கில் பெட்ரோனாஸ் கோபுரங்களை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்தவைத்த பாறை அது. அதற்குள் இருக்கும் வெடிப்புகள், குகைகள் வழியே தண்ணீர் சில நாள்களிலேயே வெகுதூரம் கடந்துவிடும், எங்கள் கிணறுகளில் படாமலே போகவும் செய்யும்.

ஒரு குப்பைமேட்டருகே கம்பத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, பைப்புல தண்ணி நின்னா இந்தக் கெணறுதான். கொதிக்க வெச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கிருமிதான் சாகும் பாட்டி. உப்பும் உலோகமும் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். சோதிக்கிறவரைக்கும் குடிக்காதீங்க."

அவர் வீட்டுக் கிணற்றைச் சோதிப்பது யார் பொறுப்பு? மலேசியாவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி, குப்பைமேட்டிலிருந்து வெளியேற்றும் கசிவுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அது சுத்திகரித்துக் குழாய் வழியே வெளியே விடும் நீருக்கு. மண்ணுக்குள் இறங்குவது எந்தக் குழாயையும் தேடி வராது. அமெரிக்காவில் நகராட்சிக் குப்பைமேட்டை மூடிய பிறகும் பொதுவாக 30 ஆண்டுகள் பராமரித்துக் கண்காணிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கும் மூடிய ஒவ்வொரு மேட்டையும் அவ்வளவு காலம் அளக்க வேண்டும். முடிவுகளைக் கோப்பில் வைக்காமல், அந்தக் கம்பத்துச் சமூக மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில், மேல்புறக் கிணற்றின் எண்ணையும் கீழ்ப்புறக் கிணற்றின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒட்ட வேண்டும்.