ஒரே அஞ்சலுக்கு இரண்டு உறைகள்

புதிய கணிப்பொறி வாங்கியதும் அதில் மின்னஞ்சலை அமைத்துக்கொள்கிறோம். அமைத்தபின் இடப்பக்கத்தைப் பார்த்தால் 'சென்ட்' என்று ஓர் உறை, சற்றுக் கீழே 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று மற்றோர் உறை, குப்பைக்கும் இரண்டு! வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன மாதம் அனுப்பிய ஆய்வேட்டு அதிகாரம் ஒன்றில் கிடக்கிறது. நேற்று அனுப்பியது மற்றதில். எரிச்சலில் ஒன்றை அழித்துவிடும் நண்பர்கள் உண்டு. அவசரம் வேண்டாம்.

இக்காலத்தில் நம் அஞ்சல் பெரும்பாலும் தொலைவிலுள்ள வழங்கியிலேயே இருக்கிறது. அங்கிருந்தபடியே அதைக் கையாளும் நெறிமுறைக்கு ஐமேப் என்று பெயர். 1986இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்தது. இந்நெறிமுறை பெயரை உறுதிசெய்தது ஒரே ஓர் உறைக்குத்தான்: 'இன்பாக்ஸ்'. மற்றவற்றின் பெயரை அந்தந்தச் செயலியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தண்டர்பேர்டு 'சென்ட்' என்றது. அவுட்லுக் 'சென்ட் ஐட்டம்ஸ்' என்றது. ஆப்பிள் 'சென்ட் மெசேஜஸ்' என்றது. பாலசமுத்திரம் போன்ற சித்தூர்ச் சீமை ஊர்களில் ஒரு வீட்டில் புளி என்பதை அடுத்த வீட்டில் சிந்தபண்டு என்பார்கள். மொழி அறியாதவன் இரண்டு சரக்கென்றே எண்ணுவான். புதிய செயலியும் அப்படித்தான். தனக்குப் பழகிய பெயரைத் தேடுகிறது. காணாவிட்டால் தானே ஓர் உறையை உண்டாக்கிவிடுகிறது. பெயர் எதுவாயினும் 'இது அனுப்பியவற்றுக்குரியது' என்று வழங்கியே குறிகாட்டும் ஏற்பாடு 2011இல் வந்தது. எல்லாரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை.

இனி, தீர்க்கும் வழி. முதலில் உலாவியைத் திறந்து, வலைத்தளம் வழியாக அஞ்சலைப் பாருங்கள். இரண்டு உறைகளும் அங்கே தெரிந்தால் அவை வழங்கியில் இருக்கின்றன என்று பொருள். அங்கே ஒன்றை அழித்தால் கைப்பேசியிலும் பழைய கணிப்பொறியிலும் சேர்ந்தே மறையும். ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு, முதலில் செயலியின் அமைப்பை மாற்றுங்கள். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. ஆப்பிள் செயலியில் உறையைத் தேர்ந்துகொண்டு 'யூஸ் திஸ் மெயில்பாக்ஸ் ஆஸ்' என்பதை அழுத்த வேண்டும். இதைச் செய்யாமல் உறையை மட்டும் அழித்தால், அடுத்த கடிதம் அனுப்பியதும் அது மறுபடி முளைக்கும். பிறகு மற்ற உறையிலுள்ளவற்றை இதற்கு நகர்த்தி, எண்ணிக்கையைச் சரிபாருங்கள். காலி உறையை நாலு நாள் கழித்து அழிக்கலாம்.

ஜிமெயிலின் வழி வேறு. அங்கே உறையாகத் தெரிவது உண்மையில் ஒட்டுச்சீட்டு. ஒரே கடிதம் 'இன்பாக்ஸ்', 'ஆல் மெயில்' இரண்டிலும் தெரியும், படி ஒன்றுதான். இரட்டிப்பென்று நினைத்து ஒன்றைக் குப்பைக்கு அனுப்பினால் இரண்டிடத்திலிருந்தும் போய்விடும். 30 நாளுக்குப்பின் மீட்க இயலாது. கண்ணுக்கு உறுத்தினால், ஜிமெயில் அமைப்பில் அச்சீட்டுக்கு எதிரேயுள்ள 'ஷோ இன் ஐமேப்' என்ற குறியை எடுத்துவிட்டால் போதும்.

பழைய கணிப்பொறியில் பாப் முறையில் அஞ்சல் இறக்கியவர்களுக்கு ஒரு சொல். அக்கடிதங்கள் அந்த இயந்திரத்தில் மட்டுமே இருக்கக்கூடும். அவற்றைப் படியெடுத்துச் சரிபார்க்கும்வரை, தம்பிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலும், அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கைப்பேசியையும் திறந்து பாருங்கள். அதன் செயலி மூன்றாவதாக ஓர் உறையை உண்டாக்கி வைத்திருக்கலாம்.